மலையகச் சிறுநகரப் பள்ளிக்கூடம்: ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஏன் டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது?

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கையோடு இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பண்டாரவளை பக்கமிருந்து ஆண்டுதோறும் ஒரே மாதிரியான செய்தி வருகிறது. தரம் 6 அனுமதிக்காகப் பெற்றோர் டவுன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்கள், இடம் போதவில்லை. இடையிடையே வேறு இரண்டு செய்திகளும் வரும். நூற்றாண்டு விழா கொண்டாடிய பாடசாலை ஒன்றுக்கு, அது நிற்கும் காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை என்பதால் புதுக் கட்டடம் தள்ளிப் போகிறது. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, உயர்தரத்துக்குக் கலைப் பிரிவில் போய்ச் சேர்கிறது.

இவற்றைப் படிப்பவர்களுக்கு நியாயமான சில கேள்விகள் எழுகின்றன. தோட்டத்திலேயே பாடசாலை இருக்கும்போது பிள்ளை ஏன் பஸ் ஏற வேண்டும்? அரசாங்கப் பாடசாலை என்றால் காணியும் அரசாங்கத்துடையதுதானே? இலவசக் கல்வி 1945 முதல் இருக்கிறதே, பிறகு என்ன குறை? இந்த மூன்றுக்கும் விடை, டவுன் பள்ளிக்கூடமும் தோட்டப் பள்ளிக்கூடமும் வளர்ந்த வரலாற்றில் இருக்கிறது. அவை வேறு வேறு ஆட்களால், வேறு வேறு சட்டங்களின் கீழ், வேறு வேறு பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டவை. டவுன் பள்ளிக்கூடம் தோட்டத்துப் பிள்ளைக்காகத் திறக்கப்பட்டதே இல்லை. அந்தப் பிள்ளை பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அதன் வாசலுக்குள் வந்தது.

அடிப்படை: மலையகத்தில் டவுன் எப்படி உண்டானது

மத்திய மலைநாட்டில் முதலில் வந்தது கோப்பி. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் அறுவடைக் காலத்தில்தான். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழித்தது; அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயன்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருந்தார்கள். மலையகத்தில் பள்ளிக்கூடம் பெரிய கேள்வியாக எழுந்தது இதற்குப் பிறகுதான். பருவத்துக்கு வந்து போகும் கூட்டத்தில் பிள்ளைகள் குறைவு. குடியிருக்கும் லயனில் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள்.

டவுன்கள் ரயிலோடு வந்தவை. ரயில் பாதை 1867இல் கண்டியை எட்டியது. நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. தேயிலைப் பெட்டி இறங்கவும் அரிசி மூட்டை ஏறவும் ஒரு நிலையம், அதையொட்டி ஒரு பஜார், தபால் கந்தோர், பொலிஸ், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று வரிசையாக வந்தன. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை எல்லாம் இந்தப் பாதையோரம் வளர்ந்தவையே. பொகவந்தலாவை, மஸ்கெலியா போன்றவை ரயில் போகாத பள்ளத்தாக்குகளில் தோட்டங்களின் சந்தையாக உருவானவை.

இந்த நிலவமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டவுன் என்பது நாலாபுறமும் தேயிலைத் தோட்டம் சூழ்ந்த சின்னத் துண்டு நிலம். தோட்டத்து நிலம் முழுவதும் கம்பனியின் கைக்குள். துரையின், அதாவது தோட்ட மேலாளரின், அனுமதி இல்லாமல் வெளியார் ஒருவர் ஒரு குடிசையோ கடையோ பள்ளிக்கூடமோ போட முடிந்த இடம் அந்தத் துண்டு மட்டுமே. தோட்ட நிர்வாகத்தைச் சாராத பள்ளிக்கூடம் ஒன்று மலையகத்தில் தொடங்க வேண்டுமானால் அது டவுனில்தான் தொடங்க முடியும்.

தோட்டப் பள்ளிக்கூடம்: பத்து வயதோடு நின்ற கடமை

தோட்டத்துக்குள் முதலில் இருந்தவை, தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமார் ஆதரவில் நடந்த திண்ணைப் பள்ளிகளும், வேலை முடிந்த பிறகு நடந்த இராப் பள்ளிகளும். மணலில் எழுத்து, நீதிநூல்கள், கொஞ்சம் கணக்கு. 1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாக உபதேசியார்களை அனுப்பி வாசிக்கக் கற்பித்தது. எதற்கும் கட்டாயம் கிடையாது. துரை விரும்பினால் நடக்கும், விரும்பாவிட்டால் நின்றுவிடும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி அரசாங்கம் விசாரித்தது. அதன் பின் வந்த இரண்டு சட்டங்கள்தான் இன்றைய நிலைமைக்கு அடித்தளம்.

1. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம். 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதும், அதற்குத் தகுந்த ஓர் இடத்தை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத் துரையின் கடமை என்றது.

2. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம். அதே வயதெல்லையை வைத்துக்கொண்டு கடமையை இறுக்கியது. 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற விதியும் வந்தது.

இரண்டாவது விதியை ஒருமுறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். பிள்ளை வேலை செய்யக் கூடாது என்று அது சொல்லவில்லை. 10 மணி வரை பள்ளிக்கூடம், பிறகு மலைக்கு வேலைக்குப் போகலாம் என்று சொல்கிறது. சட்டத்தின் பார்வையில் தோட்டப் பிள்ளை என்பது வேலையாளாகப் போகும் ஒருவர். எழுத்தறிவு அதற்கு முந்திய சில ஆண்டுகளில் கிடைக்க வேண்டிய சிறு சேர்க்கை. தோட்டத்துக்கு வெளியே உள்ள பிள்ளைகளுக்கு இதைவிட உயர்ந்த வயதெல்லை பேசப்பட்ட காலத்தில்தான் இங்கே 10 என்ற எண் எழுதப்பட்டது. கல்வி பெற்றால் பிள்ளை மலையை விட்டுப் போய்விடும் என்ற அச்சம் துரைமாரிடம் இருந்தது. அந்த அச்சத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது.

10 வயது என்றால் ஏறத்தாழ ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் ஒரு வகுப்பு வைக்க எந்தத் தோட்டத்துக்கும் கடமை இல்லை. ஆகவே ஒரே மண்டபம், தடுப்பில்லாமல் எல்லா வகுப்பும், ஓர் ஆசிரியர் அல்லது இருவர் என்ற அமைப்பு உறைந்துபோனது. அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் தோட்டம், இருக்க இடம் கொடுப்பதும் தோட்டம். பரிசோதகர் வந்து பார்த்து, பதிவு பெற்ற பள்ளிக்கு அரசாங்கம் நன்கொடை வழங்கும். பிள்ளைக்கு 10 வயது கடந்ததும் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் ஏறும். வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வரும். வறுமையில் இருந்த பெற்றோர் அதை மறுக்கும் நிலையில் இருக்கவில்லை. பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். மேலே வகுப்பே இல்லாத இடத்தில் அக்கறையை எங்கே காட்டுவது என்று அவர்கள் கேட்பதில்லை.

டவுன் பள்ளிக்கூடம் யாருக்காக நடந்தது

தோட்டத்தில் கோடு இப்படிப் போடப்பட்டிருக்க, டவுனில் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் வளர்ந்தன.

ஒன்று மிஷன் பள்ளிக்கூடம். மெதடிஸ்த, ஆங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகள் தேவாலயத்தோடு சேர்த்துப் பள்ளியையும் நடத்தின. ஹட்டனில் இன்று ஹைலன்ஸ் கல்லூரி என்று அறியப்படுவது மெதடிஸ்த சபையின் பள்ளியாகத் தொடங்கியது; அதே ஊரின் புனித ஜோன் பொஸ்கோ கல்லூரி கத்தோலிக்க மரபைச் சேர்ந்தது. இவற்றில் ஆங்கில வகுப்புகள்தான் மதிப்புப் பெற்றவை. கட்டணம் உண்டு. தோட்டக் கந்தோர் கிளார்க், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, ரயில்வே ஊழியர், கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் படித்தார்கள். தோட்டக் கந்தோருக்கும் தேயிலை ஸ்டோருக்கும் (தொழிற்சாலைக்கும்) வேண்டிய எழுத்தர்களை உருவாக்கும் வேலையை இவை செய்தன.

மற்றது வணிகர்களும் சைவச் சபைகளும் நடத்திய தமிழ்ப் பள்ளிக்கூடம். கோயில் மடத்திலோ கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையிலோ தொடங்கும். சரஸ்வதி, கதிரேசன், விவேகானந்தா என்று மலையக டவுன்களில் காணப்படும் பாடசாலைப் பெயர்களில் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது. இவை கட்டணத்தில் மலிவு. ஆனாலும் தோட்டத்து லயனிலிருந்து நாள்தோறும் பல மைல் நடந்து வந்து போவது சின்னப் பிள்ளைக்கு முடியாத காரியம். டவுனில் கடை வைத்திருந்த உறவினர் வீட்டில் தங்க வழி கிடைத்த சிலரே வந்தார்கள்.

ஆக 1940கள் வரை லயன் பிள்ளைக்கும் டவுன் பள்ளிக்கூடத்துக்கும் இடையே மூன்று தடைகள் இருந்தன: கட்டணம், தூரம், மொழி. தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்த பிள்ளை, தப்பித்தவறி டவுனுக்கு வந்தாலும் ஆங்கில வகுப்பில் ஏற முடியாது. இதைப் பிள்ளையின் திறமையோடு சேர்த்துப் பேசக் கூடாது. இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்படி அமைக்கப்படவே இல்லை.

1945 முதல் 1949 வரை: ஒரு கை கொடுத்ததும் மறு கை எடுத்ததும்

1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. 1947ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கத்தின் பக்கம் கொண்டுவர வழி செய்தது: தோட்டம் கட்டடமும் ஆசிரியர் விடுதியும் கொடுக்க வேண்டும், நடத்துவது அரசாங்கம். அது முறையாக நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது. ஆனால் கையேற்கப்பட்டவை மிகச் சொற்பம்.

ஏன் நின்றது என்பதற்குக் கல்வித் துறைக்குள் மட்டும் விடை தேடினால் கிடைக்காது. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வென்று நாடாளுமன்றம் போனது; நுவரெலியாவிலிருந்து அதன் தலைவர்களில் ஒருவரான சௌ. தொண்டமான் தெரிவானார். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்தார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்குச் சொந்தமான பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1960களில் தொண்டமான் நியமன உறுப்பினராக இருந்தார். வாக்கால் தெரிவான உறுப்பினராக அவர் மீண்டும் போனது 1977இல், நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து. இடைப்பட்ட 30 ஆண்டுகள்தான் இலங்கையின் கிராமங்களில் மத்திய கல்லூரிகளும் மகா வித்தியாலயங்களும் எழும்பிய காலம். எந்த ஊரில் பாடசாலை கட்டுவது என்பதைத் தொகுதி உறுப்பினரின் அழுத்தம் தீர்மானித்த அந்தக் காலத்தில், வாக்கில்லாத லயனுக்காக அழுத்தம் கொடுக்க யாரும் இல்லை.

டவுனில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே சிங்கள, முஸ்லிம், தமிழ் வாக்காளர்கள் இருந்தார்கள். ஆகவே டவுன் பாடசாலைக்குக் கட்டடமும் ஆசிரியரும் ஓரளவு கிடைத்துக்கொண்டிருந்தன.

1960 டிசம்பர்: டவுன் பள்ளிக்கூடம் அரசாங்கத்திடம் போகிறது, தோட்டப் பள்ளிக்கூடம் வெளியே நிற்கிறது

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கும் சட்டம் நிறைவேறியது. சபைகளும் சங்கங்களும் அரசாங்க நன்கொடையோடு நடத்திய பள்ளிகள் அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்க நிர்வாகத்துக்குள் வந்தன. 1961இல் வந்த அடுத்த சட்டம் சொத்துக்களையும் அரசாங்கத்துக்கு மாற்றியது. மலையக டவுன்களின் மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவையும் சைவப் பள்ளிகளும் இப்படித்தான் அரசாங்கப் பாடசாலைகளாயின. சில இடங்களில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன, பெயர்கள் மாறின, கற்பித்தல் தாய்மொழிக்கு மாறியது.

தோட்டப் பள்ளிக்கூடங்கள் இந்தக் கையேற்பில் இல்லை. அவை கம்பனியிடமே விடப்பட்டன. ஆகவே 1960க்குப் பிறகு, ஒரே மலைச்சரிவில் இரண்டு வகைப் பள்ளிக்கூடம்: கீழே டவுனில் பயிற்சி பெற்ற ஆசிரியர், இலவசக் கல்வி, உயர்தரம் வரை வகுப்பு, மேலே தோட்டத்தில் துரையின் சம்பளத்தில் ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு மண்டபம்.

ஆனால் இதே மாற்றம் ஒரு கதவையும் திறந்தது. கட்டணத் தடை போனது. மொழித் தடையும் போனது. மிஞ்சியது தூரம் ஒன்றுதான். பஸ் போகும் பாதையோரத் தோட்டங்களிலிருந்து லயன் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக டவுன் பள்ளிக்கூடத்துக்குள் வரத் தொடங்கினார்கள். மலையகத்தின் முதல் பெரிய படித்த தலைமுறை இந்த இடைவெளியில்தான் உருவானது. ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம், அங்கே கற்பித்த திருச்செந்தூரன் போன்றவர்கள் பாடத்தோடு நிற்காமல் மாணவர்களை எழுதவும் பேசவும் சங்கம் சேரவும் தூண்டினார்கள். அவர்களிடம் படித்தவர்கள் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தொழிற்சங்கப் பணியாளர்களாகவும் திரும்பி வந்தார்கள். "மலையகத்தார்" என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு தலைமுறைக்கு டவுன் பள்ளிக்கூட வகுப்பறை முக்கியமான களம். மலையக வரலாறு எழுதுபவர்கள் தொழிற்சங்கத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இந்த வகுப்பறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1964 முதல் 1984 வரை: சேர்வதும் பிரிவதும்

1964 ஒக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டார்கள். மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இதன் விளைவு பாடசாலையில் நேரடியாகத் தெரிந்தது. கடவுச்சீட்டு வந்த குடும்பம் எந்த மாதம் தலைமன்னார் ரயில் ஏறும் என்று தெரியாது. போகப் போகும் பிள்ளையை எதற்கு அடுத்த வகுப்பில் சேர்ப்பது என்ற தயக்கம் வீட்டில். எந்த வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்ற கணக்கே போட முடியாத நிலை பாடசாலையில்.

அதோடு 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் பட்டினிச் சாவு நேர்ந்த காலம் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராமல் போனதற்கு அதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1977, 1981, 1983 வன்முறைகள் டவுன்களைத் தாக்கின. பல ஆசிரியர் குடும்பங்கள் மலையகத்தை விட்டே போயின. இர. சிவலிங்கமும் பின்னாளில் தமிழகத்துக்குக் குடிபெயர்ந்தார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் தோட்டப் பாடசாலைகளின் கையேற்பு நடந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்ச வரம்பு போட்டது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. கம்பனி போனதும் அதன் பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது என்ற கேள்வி வந்தது. 1977 முதல் கட்டம் கட்டமாகத் தோட்டப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. இந்த வேலை முடிய 1990கள் ஆயின. அதாவது லயன் பிள்ளையின் பள்ளிக்கூடம் அரசாங்கப் பாடசாலையாகி இன்னும் 50 ஆண்டுகூட முழுமையாக ஆகவில்லை. இலவசக் கல்விக்கு 80 வயது என்று பேசும்போது இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது.

கையேற்ற பிறகு வளர்ச்சி வேகமாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பின. ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. தோட்டத்து இளைஞர்களே ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். ஒரு மண்டபத்துப் பள்ளிகள் பல, தரம் 11 வரை வளர்ந்தன. ஆனால் எல்லாம் வளரவில்லை. இன்றும் ஏராளமான தோட்டப் பாடசாலைகள் தரம் 5 வரையில் நிற்கின்றன. ஆகவே தரம் 6 அனுமதிக்கு டவுன் வாசலில் கூட்டம் நிற்பதற்குக் காரணம் 1907இல் போடப்பட்ட அந்த எல்லை. சட்டம் போய்விட்டது, அது எழுப்பிய கட்டட அளவும் வகுப்பு அளவும் இடத்தில் இருக்கின்றன.

காணி யாருடையது?

இதுதான் வாசகர்கள் அதிகம் குழம்பும் இடம். தோட்டப் பாடசாலை ஒன்றின் காணியை எடுத்துக்கொண்டால் கைமாறிய வரிசை இப்படி இருக்கும்:

1. கம்பனிக் காலத்தில் பள்ளிக்கூடம் தோட்டத்தின் ஒரு கட்டடம். ஸ்டோர், லயன், பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்) போல அதுவும் ஒன்று. தனி உறுதி எழுத யாருக்கும் தேவை இருக்கவில்லை.

2. 1972, 1975 சட்டங்களால் தோட்டம் முழுவதும் காணிச் சீர்திருத்த ஆணைக்குழு வழியாக அரசின் கைக்கு வந்து, ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் போனது. பள்ளிக்கூட நிலமும் அதோடு போனது.

3. 1977க்குப் பின் கல்வி அமைச்சு ஏற்றது பள்ளிக்கூடத்தை நடத்தும் பொறுப்பை. பல இடங்களில் நிலம் தனியாக அளக்கப்படவில்லை.

4. 1992இல் தோட்ட முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டு நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது. பிரித்து அளக்காத பள்ளி நிலம் குத்தகை எல்லைக்குள்ளேயே கிடந்தது.

5. இதற்கு முன்பே, 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆவது திருத்தத்தால், மத்திய அமைச்சு நடத்தும் தேசியப் பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாண சபையின் கீழ் வந்தன.

இப்போது ஒரு வகுப்பறைக் கட்டடம் போட வேண்டுமானால் நிலத்தின் உரிமையாளர் ஒருவர், குத்தகைக்காரர் ஒருவர், பாடசாலையை நடத்துபவர் ஒருவர். மூவரும் ஒப்ப வேண்டும். நில அளவை நடக்க வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதியாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் ஒதுக்குவது என்ற பேச்சு பல அரசாங்கங்களின் காலத்தில் எழுந்தும், இடத்துக்கு இடம் இழுபடுவதன் காரணம் இந்தப் படிகள்தான். "அரசாங்கப் பாடசாலைக்கு அரசாங்கக் காணி" என்று நினைப்பவர்கள், அரசாங்கமே அந்தக் காணியை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டவுன் பாடசாலைக்கு இந்தச் சிக்கல் வேறு விதமாக வருகிறது. அது நிற்கும் நிலத்துக்கு மிஷன் காலத்து அல்லது சங்கத்தின் பழைய உறுதி இருக்கலாம். ஆனால் மைதானத்துக்கோ ஆய்வுகூடத்துக்கோ பக்கத்தில் ஒரு துண்டு வேண்டுமென்றால், வேலிக்கு அப்பால் தேயிலை. பிள்ளைகளின் தொகை பல மடங்காகப் பெருகியும் வளாகம் பழைய அளவிலேயே இருக்கும் டவுன் பாடசாலைகள் ஒன்றிரண்டல்ல.

விஞ்ஞானப் பிரிவு ஏன் எட்டாக் கனியாக இருக்கிறது

பாடசாலைகள் இலங்கையில் நான்கு வகை. 1AB என்பது உயர்தர விஞ்ஞானப் பிரிவு உட்பட எல்லாம் உள்ளது. 1C உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 தரம் 11 வரை. வகை 3 ஆரம்ப வகுப்புகள். தோட்டத்திலிருந்து வளர்ந்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை வகை 2, வகை 3. தமிழ்மொழி மூல 1AB பாடசாலைகள் சில டவுன்களில் மட்டுமே இருக்கின்றன.

ஒரு பாடசாலையை 1AB ஆக உயர்த்துவது பெயர்ப்பலகை மாற்றும் காரியம் இல்லை. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும். மலையகத்தில் அத்தகைய பட்டதாரிகள் குறைவு, ஏனென்றால் விஞ்ஞானம் படிக்கப் பாடசாலை குறைவு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் ஆசிரியர்கள் நன்றாகவே கற்பித்தார்கள், கற்பிக்கிறார்கள். ஆனால் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்று ஊர் திரும்புவது அவர்கள் பக்கத்தில் நியாயமே. போன இடம் வெறுமையாகிறது. ஆசிரியர் இல்லாத பிரிவுக்குப் பிள்ளை வராது. பிள்ளை இல்லாத பிரிவுக்கு ஆசிரியர் நியமிக்கப்பட மாட்டார்.

இதை உடைக்க என் பார்வையில் ஒரு வழி மற்றவற்றைவிடப் பலன் தரும்: ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு டவுன் பாடசாலையைத் தெரிந்து, அதற்கு விடுதி கட்டுவது. தோட்டத்துக்குத் தோட்டம் விஞ்ஞானப் பிரிவு திறப்பது நடக்காது, ஆள் போதாது. ஆனால் பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) விடியற்காலை இருட்டில் கிளம்பி, பஸ் பிடித்து, மாலையில் டியூஷனும் முடித்து, இரவில் லயனுக்கு நடந்து ஏறும் மாணவிக்கு விடுதிக் கட்டில் ஒன்று ஆய்வுகூடத்துக்குச் சமம். மிஷன் காலத்தில் விடுதி வைத்த இடங்களில் தோட்டப் பிள்ளை தங்கிப் படித்தது. கையேற்ற பிறகு கட்டடம் வகுப்பறையாக மாறியது உண்டு. தூரம் என்ற பழைய தடையை அரசாங்கம் இதுவரை பஸ் கால அட்டவணையிடம் விட்டிருக்கிறது.

நூற்றாண்டு மலர் தயாரிப்பவர்களுக்கு

2023இல் தென்னிந்தியத் தொழிலாளர் வருகையின் 200 ஆண்டு நிறைவு "மலையகம் 200" என்று நினைவுகூரப்பட்டதற்குப் பிறகு பாடசாலை வரலாறு எழுதும் ஆர்வம் பெருகியிருக்கிறது. ஆனால் தொடக்க ஆண்டு பற்றிப் பழைய மாணவர்களுக்குள் சண்டையே வந்துவிடுகிறது. ஒருவர் சொல்லும் ஆண்டு தேவாலயத்தில் வகுப்பு தொடங்கிய ஆண்டு. இன்னொருவர் சொல்வது அரசாங்கப் பதிவு கிடைத்த ஆண்டு. வேறொருவர் கல்வெட்டைப் பார்த்து இன்றைய கட்டடத்தின் ஆண்டைச் சொல்கிறார். மூன்றும் உண்மையாக இருக்கலாம். ஒன்றைத் தெரிந்து மற்ற இரண்டை அழிப்பதைவிட மூன்றையும் எதன் ஆண்டு என்று சொல்லிப் போடுவது நேர்மையானது.

பார்க்க வேண்டிய ஆவணங்களில் முதலிடம் மாணவர் சேர்க்கைப் பதிவேடான சேர்விடாப்புக்கு. பிள்ளையின் முகவரி, தந்தையின் தொழில், முன்பு படித்த பாடசாலை, விலகிய காரணம் எல்லாம் அதில் நிரல் நிரலாக இருக்கும். தந்தையின் தொழில் என்ற இடத்தில் வியாபாரி, கிளார்க், கணக்கப்பிள்ளை என்றே வந்துகொண்டிருந்த பக்கங்களில் தோட்டத் தொழிலாளி என்பது எந்த ஆண்டில் வரத் தொடங்குகிறது, எந்த ஆண்டில் பாதியைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலை யாருக்குத் திறந்தது என்பதற்கு எந்த விழாப் பேச்சையும்விட அது உறுதியான சான்று. அடுத்தது அதிபரின் சம்பவத் திரட்டு. பரிசோதகர் வருகை, கட்டடம் இடிந்தது, அகதிகள் தங்கியது, ஆசிரியர் மாற்றம் எல்லாம் நாள் போட்டு எழுதப்பட்டிருக்கும். சபை நடத்திய பள்ளியானால் சபையின் ஆண்டறிக்கைகளையும், காணிக்கு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தையும் தேட வேண்டும்.

பிள்ளைகள் குறைந்து மூடப்படும் அல்லது பக்கத்துப் பாடசாலையோடு இணைக்கப்படும் தோட்டப் பாடசாலைகளின் ஏடுகள்தான் இப்போது அதிக ஆபத்தில் இருக்கின்றன. ஈரம் ஊறும் அலுமாரியில் ஓரிரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. மலர்க் குழு டவுன் பாடசாலையின் ஏட்டோடு நிற்காமல், அதற்குப் பிள்ளை அனுப்பிய சுற்றுத் தோட்டப் பாடசாலைகளின் சேர்விடாப்புகளையும் அதிபர்களின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனையிலும் இன்னொன்றைப் பழைய மாணவர் சங்கத்திடமும் வைக்கலாம். மூடப்படவிருக்கும் பாடசாலைகளிலிருந்து தொடங்குவது நல்லது.